கார்டில் போடுங்கள், மிஸ்டர் ஓடெல்

நூலகத்தின் பின்னறையில் வெர்லீன் மேப்ரி கணினித் திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி ஏப்ரன் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். தொகை மாறவில்லை.

"இது வருஷத்துக்குத்தானே?"

"மாசத்துக்கு, மிஸ் வெர்லீன்."

மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு உதவி கேட்பவர்களுக்கு இலவசமாக வழிகாட்டுகிற வேலை ரெனாட்டாவுக்கு. டிசம்பர் வந்துவிட்டால் இந்த அறையே கதி என்று கிடப்பாள். மேசையில் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருக்கும். அதைச் சளி பிடித்தவர்களுக்காக வைத்திருக்கிறாள் என்று யாரும் நினைத்ததில்லை.

வெர்லீனுக்கு ஐம்பத்தொன்பது வயது. கட்டியவன் போய்ச் சேர்ந்த இடம் தெரியாது, தேடவும் இல்லை. ஹோலிஸின் டைனரில், அந்தச் சின்னச் சாப்பாட்டுக் கடையில், காலைக்கும் மதியத்துக்கும் பரிமாறுகிறாள். அவள் இதயத்தில் ஒரு வால்வு இறுகிப்போயிருந்தது. கோடைக்குள் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் ஒருநாள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவாய் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். காப்பீடு இல்லாதவளுக்கு ஆபரேஷன் தேதியே தரமாட்டார்கள். காப்பீட்டின் முழு விலையோ அவள் வாடகையைப்போல மூன்று பங்கு. அரசு உதவி கிடைத்தால் அதே காப்பீடு ஏறக்குறைய சும்மா வரும். கிடைக்கவில்லை என்றுதான் திரை சொன்னது.

"ஏன் குடுக்க மாட்டாங்களாம்? நான் என்ன பணக்காரியா?"

"பணக்காரின்னு வரல. ரொம்ப ஏழைன்னு வருது."

வெர்லீனுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"இந்த உதவிக்கு ஒரு கீழ்க்கோடு இருக்கு," என்றாள் ரெனாட்டா. இதை அன்றைக்கே பலருக்குச் சொல்லியிருப்பாள் போல, குரல் தேய்ந்திருந்தது. "அதுக்கு மேல சம்பாதிச்சாத்தான் இது உண்டு. அதுக்கும் கீழ இருக்கறவங்களுக்கு ஏழைங்களுக்கான வேற திட்டம் இருக்கணும். பல மாநிலத்துல குடுக்கறாங்க. நம்ம அலபாமாவுல, சின்னப் பிள்ளைங்க இல்லாத உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அதுவும் இல்ல. நடுவுல பள்ளம். நீங்க போட்டிருக்கற வருமானம் நேரா பள்ளத்துக்குள்ள போய் விழுந்திருக்கு."

"அப்போ நான் இன்னும் கொஞ்சம் சம்பாதிச்சா உதவி பண்ணுவாங்க."

"ஆமா."

வெர்லீன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாக மாறியது. ரெனாட்டா டிஷ்யூ பெட்டியை நகர்த்தினாள்.

விஷயம் இதுதான். வீட்டிலேயே உட்கார்ந்து முதல் தடவை விண்ணப்பித்தபோது தங்கை போனில் யோசனை சொன்னாள்: "கம்மியாப் போடுடி, நிறையக் கொடுப்பாங்க." வெர்லீனும் சம்பளச் சீட்டில் இருந்ததையே போட்டாள். சம்பளச் சீட்டில் இருப்பதோ உண்மையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஹோலிஸ் தருகிற சம்பளம் பேருக்குத்தான், பிழைப்பே டிப்ஸில்தான். கார்டில் போடுகிற டிப்ஸ் தானாகவே சீட்டில் ஏறிவிடும், வரியும் போய்விடும். ரொக்கமாகக் கிடைத்ததை வேலை முடிந்து கிளம்பும்போது அவளவள் தன் நம்பரைப் போட்டுக் கல்லா மெஷினில் தட்ட வேண்டும். ஹோலிஸ் டைனரில் நல்ல நாளோ நாய்ப்பட்ட நாளோ எல்லாரும் தட்டுவது ஒரே தொகை: பன்னிரண்டு டாலர். புதிதாகச் சேருகிறவளுக்குக் காபி மெஷினைக் காட்டுவதற்கு முன்னாலேயே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சாப்பிட வருகிறவர்களுக்கும் இது தெரியும். பிடித்த பெண்ணுக்கு ரொக்கமாகச் சாசருக்கு அடியில் வைப்பார்கள். கார்டில் டிப்ஸ் போடுகிறவன் வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் கருமி. எங்கள் ஊரில் பாசத்துக்கு ரசீது கிடையாது.

"அடுத்த வருஷம் உண்மையிலேயே எவ்வளவு வரும்னு நினைக்கறீங்களோ அதச் சொல்லுங்க," என்றாள் ரெனாட்டா. "தொகைய நான் சொல்லித்தரக் கூடாது."

வெர்லீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்கத்துக்கு உண்மையைச் சொன்னாள். திரையில் எண்கள் புரண்டன. காப்பீட்டின் விலை சரசரவென்று இறங்கி, அவள் ஒரு நல்ல சனிக்கிழமையில் சம்பாதிப்பதை விடக் கீழே போய் நின்றது.

"கடவுளே."

"இருங்க. பழைய கணக்கோட இது ஒத்துவரல. ஆதாரம் கேப்பாங்க. மார்ச் கடைசிக்குள்ள சம்பளச் சீட்டுங்கள அனுப்பணும், அதுல இந்த அளவு தெரியணும். அதுவரைக்கும் உதவியோட காப்பீடு ஓடும். தெரியலேன்னா உதவி நின்னுடும், முழு விலை."

அப்படியாக, ஏழை என்று காட்டிக்கொள்ளவே இருபது வருஷம் பாடுபட்டவள், இனி மூன்று மாதத்துக்குள் அவ்வளவு ஏழையில்லை என்று காட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் மதியக் கூட்டம் ஓய்ந்ததும் ஹோலிஸிடம் போனாள். அவர் அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே எனக்கு வர்ற ரொக்கத்த உள்ளபடியே தட்டப்போறேன், ஹோலிஸ்."

சுரண்டுகிற சத்தம் நின்றது. "நீ ஒருத்தி உண்மையைத் தட்டினா, மத்தவளுங்க எல்லாம் பன்னெண்டே தட்டறது எப்படித் தெரியும்? பட்டப்பகல்ல கோழி திருடின மாதிரி தெரியும். வரிக்காரனுங்க என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேப்பானுங்க. நானும் கட்டணும், அவளுங்களும் கட்டணும்."

"என் இதயம், ஹோலிஸ்."

"தெரியும் வெர்லீன். தெரியாம இல்ல." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டெனீஷாவ நினைச்சுப் பாத்தியா?"

டெனீஷா கதவருகே சர்க்கரைக் குப்பிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளும் அங்கே பரிமாறுகிறவள், முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு மூச்சுத்திணறல், கையில் எப்போதும் இன்ஹேலர். பிள்ளைகளுக்கு அரசு தருகிற மருத்துவ அட்டையும் உணவு அட்டையும் அவள் சம்பளச் சீட்டு சின்னதாக இருப்பதால்தான் வருகின்றன. அவள் நிரம்பிய குப்பியிலேயே மறுபடி சர்க்கரையைக் கொட்டினாள்.

அன்றைக்கும் வெர்லீன் பன்னிரண்டு என்றே தட்டினாள். வேறு என்ன செய்வாள்?

மிச்சம் இருந்தது ஒரே வழி, கார்டு. அது தானாகச் சீட்டில் ஏறும், யாரையும் காட்டிக்கொடுக்காது. "ரொக்கமா வெச்சுடுங்க கண்ணு" என்று இருபது வருஷமாக ஊரையே பழக்கி வைத்தவள், இப்போது மேசை மேசையாகப் போய், "கார்டுல போடுங்களேன்" என்று கெஞ்சினாள். ஊர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

எல்லாரையும்விட முரண்டு பிடித்தவர் மிஸ்டர் ஓடெல். எண்பதைத் தொட்டவர், மர லாரி ஓட்டி ஓய்ந்தவர். தினமும் காலையில் கவுன்டர் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு முட்டை, க்ரிட்ஸ் என்கிற சோளக் கஞ்சி, சர்க்கரையில்லாத காபி. போகும்போது சாசருக்கு அடியில் ஒரு நோட்டு, மடித்து, ஓரம் தெரியாமல்.

"கார்டுல போடுங்க, மிஸ்டர் ஓடெல். உங்ககிட்ட இருக்குமே."

"இருக்கு. எம்பொண்ணு வாங்கிக் குடுத்தா. பர்ஸுக்குள்ளயே கிடந்து சாகட்டும்." பல்லில்லாத பக்கமாகச் சிரித்தார். "உன் காசுல வரின்னு வாஷிங்டன்காரன் கைவைக்கறதுக்கு நானே கதவத் திறந்து விடணுமா? செத்தாலும் மாட்டேன் பொண்ணே."

"நான் சொல்றேன்ல, விடுங்க."

"உனக்கு நல்லதுக்குத்தான் நான் பண்றேன்," என்று சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டு நோட்டாக வைத்துவிட்டுப் போனார். வெர்லீனுக்கு அழுகை வந்தது. அவரை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு ஆபரேஷனுக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். காப்பீடு இருந்தது, தேதி இருந்தது, போய்ப் படுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் போய்ப் படுத்தால் ஒன்றரை மாதம் தட்டுத் தூக்க முடியாது. தட்டுத் தூக்காவிட்டால் சம்பளச் சீட்டு வெறும் காகிதம். காகிதத்தை அனுப்பினால் உதவி நின்று, ஆபரேஷனுக்குப் பிறகு தேவைப்படுகிற மருந்தும் சோதனையும் முழு விலையில் தலையில் விழும்.

"வீட்டுல ஒரு விசேஷம். ஏப்ரல்ல வெச்சுக்கலாமா?" என்று போனில் பொய் சொன்னாள். எந்த வீடு, என்ன விசேஷம்! டிரெய்லர் வீட்டில் அவளும் ஒரு கிழட்டுப் பூனையும்தான். போனை வைத்துவிட்டுப் பூனைக்குச் சாப்பாடு வைத்தாள். உயிரைக் காப்பாற்றுகிற தேதியைத் தன் வாயாலேயே தள்ளிப் போட்டாயிற்று.

அதற்கப்புறம் கிடைத்த வேலை நேரமெல்லாம் வாங்கிக்கொண்டாள். சமையலறைக்கும் மேசைக்கும் நடுவே சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவாள். ஒருநாள் மூன்று தட்டுகளோடு வந்தவள் அப்படியே கவிழ்ந்தாள். தட்டு நொறுங்கிய சத்தத்தில் டைனரே எழுந்து நின்றது. டெனீஷா தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்ததும் வெர்லீன் கேட்டது: "நாலாம் மேசை பில்... கார்டுதானே?"

"வாயை மூடிட்டுப் படுங்க, மிஸ் வெர்லீன்," என்று டெனீஷா அழுதாள்.

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் நல்ல ஊர், அதுதான் வம்பு. மறுநாள் காலையில் கல்லா பக்கத்தில் ஊறுகாய் ஜாடி ஒன்று உட்கார்ந்திருந்தது, கழுவித் துடைத்து, மூடியில் துளை போட்டு. வெளியே வெர்லீனின் சிரித்த முகம் ஒட்டியிருந்தது. கீழே மிஸ்டர் ஓடெலின் கோணல் எழுத்தில், 'வெர்லீனின் இதயத்துக்கு.'

பணம் குவிந்தது. தேவாலயத்துப் பெண்கள் போட்டார்கள், மரம் வெட்டுகிறவர்கள் போட்டார்கள், கருமி என்று பெயரெடுத்தவனும் நாலு பேர் பார்க்கும்படி போட்டான். ஜாடியில் போட்டாயிற்றே என்று மேசையில் டிப்ஸ் வைப்பதை விட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடிக் கார்டுக்குப் பழக்கிய நாலைந்து பேரும், "உனக்கு ஜாடியிலயே போட்டுட்டேன் கண்ணு," என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாரச் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் வெர்லீனுக்குக் கண் இருட்டியது.

நூலகத்துக்கு ஓடினாள். "ஜாடியில நிறைய இருக்கு. அத வருமானம்னு காட்டலாமா?"

ரெனாட்டா இல்லையென்று தலையை ஆட்டினாள். "அன்பளிப்பு வருமானத்துல சேராது, மிஸ் வெர்லீன். எவ்வளவு குடுத்தாலும் சேராது."

"இந்த ஊரு என்னைப் பாசத்தாலயே கொன்னுடும்," என்றாள் வெர்லீன்.

அந்த மதியம் டைனரின் பின்புறம் குப்பைத் தொட்டிப் பக்கம் டெனீஷாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பள்ளம், சீட்டு, தள்ளிப் போட்ட தேதி, எல்லாம். டெனீஷாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, தேதியைத் தள்ளியதற்கு. பிறகு விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"எனக்குச் சீட்டுல கம்மியாத் தெரியணும். உங்களுக்கு அதிகமாத் தெரியணும். அவ்வளவுதானே?"

"அதுக்கு?"

"என் மேசையில எவன் கார்டு நீட்டினாலும் அந்த பில்ல உங்க நம்பர்ல தட்டறேன். அந்த டிப்ஸ் உங்க சீட்டுல ஏறும். ஏறின அளவுக்கு நீங்க எனக்கு ரொக்கமாக் குடுத்துடுங்க."

"என்கிட்ட ரொக்கம் ஏது? எல்லாத்தையும் ஜாடியிலல்ல போடறானுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாடி.

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. ஹோலிஸ் தெரிந்தும் தெரியாத மாதிரி அடுப்பைச் சுரண்டினார். சாயங்காலம் ஆள் போன பிறகு வெர்லீன் ஜாடியைத் திறப்பாள், கணக்குப் பார்த்து டெனீஷா எடுத்துக்கொள்வாள். சரியா தவறா என்று கேட்டால் நான் சட்டம் படித்தவனில்லை. வெர்லீன் வாங்கியது அவள் உழைத்ததற்கு மேல் ஒரு காசு இல்லை. டெனீஷா செய்தது குற்றம் என்றால், மூச்சுத்திணறுகிற பிள்ளையின் மருந்தை ஒரு தாயின் டிப்ஸ் காசோடு கட்டிவைத்தவனிடம் முதலில் கேளுங்கள், பிறகு அவளிடம் வாருங்கள்.

வாரத்துக்கு வாரம் சீட்டு கொழுத்தது. இன்னும் இரண்டு சீட்டு இப்படி வந்தால் போதும் என்றாள் ரெனாட்டா. வெர்லீன் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு ஞாயிறு மதியம், தேவாலயக் கூட்டம் நிரம்பி வழிகிற நேரம். டெனீஷாவின் மூத்தவனுக்கு இன்ஹேலர் தீர்ந்துவிட்டதாகப் பள்ளித்தோழன் வீட்டிலிருந்து போன் வந்தது. அட்டையில் அந்த மாதத்து இன்ஹேலரை ஏற்கனவே வாங்கியாயிற்று, இனி ரொக்கம் கொடுத்தால்தான் கிடைக்கும். வெர்லீன் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஜாடியிலேர்ந்து உன் காச எடுத்துக்கிட்டு ஓடு, சாயங்காலம் வரைக்கும் நிக்காத," என்றாள். டெனீஷா கல்லாவுக்குப் போய் ஜாடியைத் திறந்து, கைநிறைய எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"ஏய்!"

தேவாலயம் முடிந்து வந்திருந்த மிஸ்டர் ஓடெல் ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "திருடி! சாகக் கிடக்கறவ பணத்தையா திருடற?"

டைனர் முழுக்க எழுந்தது. யாரோ ஷெரீஃபைக் கூப்பிடச் சொன்னார்கள், இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் டெனீஷா மாதிரி ஒரு கறுப்புப் பெண் மீது பழி விழுந்தால், யார் பேச்சு எடுபடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெனீஷா வாய் திறக்கவில்லை. திறந்தால் வெர்லீனின் சீட்டு போகும், தன் பிள்ளைகளின் அட்டையும் போகும். கண் மட்டும் சமையலறைக் கதவைத் தேடியது.

வெர்லீன் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நெஞ்சுக்குள் கல்லைக் கட்டி இழுத்தமாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் இருவருக்கும் நாசம். சும்மா இருந்தால் டெனீஷாவுக்கு மட்டும் நாசம்.

"அவ கைய விடுங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"என்னது?"

"அவகிட்ட நான் கடன் வாங்கியிருந்தேன். அத ஜாடியிலேர்ந்து அடைச்சுக்கிட்டு இருக்கேன். ரொம்ப நாளாவே."

 மிஸ்டர் ஓடெலின் கை தானாகத் தளர்ந்தது. டெனீஷா பையோடு வாசலைத் தாண்டி ஓடினாள்.

"நாங்க உன் இதயத்துக்குன்னு போட்டோம்," என்றார் மிஸ்டர் ஓடெல். குரல் சின்னதாக இருந்தது. "நீ கடன் அடைச்சியா?"

"ஆமா."

"வேற ஏதாவது சொல்லு பொண்ணே."

அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. "ஒண்ணும் இல்ல, மிஸ்டர் ஓடெல்," என்றாள்.

அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மீதியிருந்ததைத் தேவாலயத்தில் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஹோலிஸ் அன்றைக்கே சொல்லிவிட்டார், இனிமேல் அவளவள் நம்பரில் அவளவள் தட்டட்டும், ஊர்க் கண்ணெல்லாம் கல்லா மேல் இருக்கிறது என்று. அத்தோடு மாற்று ஏற்பாடும் போயிற்று. ஊர் முகம் கொடுத்துப் பேசாது, டிப்ஸும் வைக்காது. இன்னும் இரண்டு சீட்டு பாக்கி. அன்றிரவு வெர்லீன் பூனையை யாரிடம் விடுவது என்று யோசித்தாள். ஆபரேஷனுக்காக யோசிக்கவில்லை, தான் செத்த பிறகு என்றுதான்.

திங்கட்கிழமை மிஸ்டர் ஓடெல் வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார். சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கேயும் க்ரிட்ஸ் வாயில் வைக்க விளங்காது. அதே ஸ்டூல். அவளைப் பார்க்காமலேயே கேட்டார், அவள் பேசாமலேயே வைத்தாள். சாப்பிட்டு முடித்தார். சாசரைத் தூக்கவில்லை. பர்ஸைத் திறந்து, வேட்டை உரிமத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கார்டை உருவினார். ஒரு கீறல்கூட இல்லாத புத்தம்புதுக் கார்டு.

"நான் யாரையும் வெறுங்கையா விட்டுட்டுப் போறவன் இல்ல," என்றார், கவுன்டர் முழுக்கக் கேட்கும்படி. "ஆனா இனிமே சாசருக்கு அடியில ஒண்ணும் கிடையாது. உனக்குப் போற ஒவ்வொரு காசும் கணக்குல ஏறட்டும். வாஷிங்டன்காரன் உரிச்சு எடுத்துக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும் உனக்கு."

வெர்லீன் கார்டை வாங்கினாள்.  முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். அதில் என்ன இருந்ததோ அதை அவர் பார்த்துவிடக் கூடாது.

ஊர் அவர் பின்னாலேயே வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்டனை கொடுப்பதென்றாலும் மரியாதையாகக் கொடுக்க வேண்டும். மரம் வெட்டுகிறவர்கள் கார்டை நீட்டினார்கள். தேவாலயத்துப் பெண்கள், "கணக்குல வரட்டும்" என்று ஒருவருக்கொருவர் கண்ஜாடை காட்டிக்கொண்டு கார்டில் போட்டார்கள். ஜாடியில் போடும்போது இருந்த சிரிப்பு ஒருவர் முகத்திலும் இல்லை. அந்த இரண்டு வாரச் சீட்டுகள் மாதிரி அவள் ஆயுளில் வந்ததில்லை. ரெனாட்டா அவற்றை அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் போனில் ஒரே வார்த்தை சொன்னாள்: "போதும்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. மிஸ்டர் ஓடெல் காபியைக் குடித்து வைத்தார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வெர்லீனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பக்கம் டெனீஷா தலை குனிந்து மேசை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன், மிஸ்டர் ஓடெல்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யார் பணத்துல?"

"நீங்க குடுத்ததுலதான். கார்டுல போட்டீங்களே, அதுலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தார் போல. தாடை இறுகியது. "வெக்கங்கெட்டவ," என்று முணுமுணுத்துவிட்டு, பில்லை இழுத்து, டிப்ஸ் இடத்தில் எப்போதும் சாசருக்கு அடியில் வைக்கிற தொகையைப்போல இரண்டு மடங்கை, பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

அவர் கதவைத் தாண்டிப் போகிற வரைக்கும் வெர்லீன் அந்தச் சீட்டை ஏப்ரனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கல்லாவுக்குப் போய்த் தன் நம்பரைத் தட்டினாள்.